மண்ணுக்குள்ளும் குடியிருப்போர் உண்டு

(உலக மண் தினத்தையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வங்கியில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். மண்ணைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். போன மாதம் என் பேத்தி காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "தாத்தா, இது என்ன சத்தம்?" என்றாள். சரசரவென்று ஒன்று, நடுநடுவே டிக் டிக்கென்று ஒன்று. "அடுப்பில் ஏதாவது பொரிகிறதா?" என்றேன். "மண்ணு தாத்தா!" என்று சிரித்தாள்.

அது சுவிட்சர்லாந்து மண். சூரிச் கலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலிக் கலைஞர் மார்கஸ் மேடர், நுட்பமான ஒலிக் கருவியை மண்ணில் செருகி, உள்ளே எழும் ஓசையைப் பல மடங்கு பெரிதாக்கிப் பதிவு செய்தார். திட்டத்தின் பெயர் 'சவுண்டிங் சாயில்'. பெர்ன் நகரின் பால் கிளே மையத்தில் இதை ஒரு கலைப் படைப்பாகவே அமைத்தார்கள். உள்ளே போய் நின்றால் வெவ்வேறு நிலங்களின் ஓசையைக் கேட்டு ஒப்பிடலாம். பொதுமக்களும் கருவியை இரவல் வாங்கித் தங்கள் மண்ணைக் கேட்டார்கள்.

சத்தம் போடுவது மண்புழு, வண்டுப் புழு, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு பூச்சிகள். அவை ஊர்வதும் கடிப்பதும் துளைப்பதும்தான் அந்த ஓசை. உலக உயிரினங்களில் சுமார் 59 சதவீதம் மண்ணில் வாழ்வதாக 2023-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாழ்பட்ட நிலத்தையும் மரம் வளர்த்து மீட்ட நிலத்தையும் இப்படிக் கேட்டுப் பார்த்தார்கள். மீட்ட நிலத்தின் மண்ணில்தான் ஓசை வகைகள் அதிகம்.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு மரங்களைச் சுற்றி சிமெண்ட் கல் பதிக்கச் செலவுக் கணக்கு போட்டுக் கொடுத்தவன் நான்தான். சேறு ஒட்டாது, பெருக்கச் சுலபம் என்று லாபத்தை மட்டும் எழுதினேன். நஷ்டப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

பி பிளாக் பின்னால் மிஞ்சியிருக்கும் மண்ணுக்கும் அதே தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. வயதானவர்கள் வழுக்கி விழக்கூடும் என்ற கவலை நியாயமானது. அதற்கு மூன்றடி நடைபாதை போதும். மீதியை மண்ணாகவே விடுவோம். சருகை எரிக்காமல் அங்கேயே பரப்புவோம்.

நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் மழை விட்ட மறுநாள் காலையில் அங்கே போய்க் குனிந்து பாருங்கள். மண்புழு தள்ளிய மண் குட்டிக் குட்டிக் குவியலாகத் தெரியும். பார்த்துவிட்டு வந்து கையை உயர்த்துங்கள்.