உப்பு சரியா இருந்துச்சா?

 

போன வாரம் ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, ஏழைங்கள்ல இயேசுவைப் பாருங்கன்னு எல்லாரும் பிரசங்கம் பண்றாங்க. நான் மாசாமாசம் ஒரு ஹோமுக்குப் பணம் அனுப்புறேன். கிறிஸ்துமஸுக்கு டிரஸ் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனா ஒரு தடவைகூட யார்கிட்டயும் இயேசுவைப் பார்த்த மாதிரி தோணலையே, ஏன்?" அப்படின்னு கேட்டிருந்தாங்க. ரொம்ப நேர்மையான கேள்வி. மூணு நாள் பதில் போடாம வெச்சிருந்தேன். பதில் தெரியாததால மட்டும் இல்லை. பதில் சொல்லணும்னா என்னைப் பத்தி ஒண்ணு சொல்ல வேண்டியிருந்தது.

முதல்ல ஒரு சின்ன ஆறுதல். மத்தேயு 25-ஆம் அதிகாரத்துல, பசியா இருந்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தவங்களும் அங்கே திகைச்சுப் போய்த்தான் நிக்கிறாங்க. உம்மை எப்போ பார்த்தோம்னு அவங்களே கேட்கிறாங்க. அதனால உங்களுக்குத் தோணலைங்கிறது ஒரு குறை இல்லை, தங்கச்சி. ஆனா லூக்கா 24-ல வேற ஒரு கதை இருக்கு. அங்கே ரெண்டு பேர் அவரைக் கண்டுபிடிக்கிறாங்க. எந்த நிமிஷத்துல கண்டுபிடிச்சாங்கங்கிறதுலதான் நான் பல வருஷமா மாட்டிக்கிட்டு இருக்கேன்.

எருசலேம்ல இருந்து எம்மாவுக்கு நடக்கிறாங்க. ஏறக்குறைய பதினோரு கிலோமீட்டர். எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா, கடலூர்ல கிளம்பி நெல்லிக்குப்பம் போற தூரம்னு வெச்சுக்கோங்க. வழியில ஒருத்தர் கூடச் சேர்ந்துக்கிறார். வேத வசனம் எல்லாம் விளக்கிச் சொல்றார். அவ்வளவு நேரம் பேசியும் யாருன்னு தெரியலை. பொழுது சாயுது. ராத்திரி எங்களோட தங்குங்கன்னு வற்புறுத்திக் கூப்பிடுறாங்க. இதுவரைக்கும் அவங்க இரக்கம் காட்டுறவங்க, அவர் வழிப்போக்கர். சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாம் மாறிடுது. வீடு அவங்களது, அப்பம் அவங்களது. ஆனா விருந்தாளியா வந்தவர் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டு, அவங்க கையில கொடுக்கிறார். அவர் கையில இருந்து வாங்குற அந்த நேரத்துலதான் கண்ணு திறக்குது.

கவனிச்சீங்களா? கொடுக்கும்போது தெரியலை. வாங்கும்போதுதான் தெரிஞ்சுது.

இனி என் கதை. கடலூர் மாவட்டத்துல அண்ணாகிராமம் ஒன்றியம். பண்ருட்டி பக்கம். பலாவும் முந்திரியும்தான் எங்க பக்கத்து வாழ்க்கை. எங்க வீடு ஊர்த்தெருவில். எங்க நிலத்துல வேலை செஞ்ச ஒரு அம்மாவோட வீடு காலனியில். நடுவுல ஒரு சின்ன ஓடை, ஒரு மதகு. அவங்க காலையில எங்க மாட்டைப் பார்த்துக்குவாங்க, சீசன்ல முந்திரிக்கொட்டை உடைப்பாங்க. கொட்டையோட எண்ணெய் பட்டுப் பட்டு அவங்க விரல் எல்லாம் கருத்து, தோல் உரிஞ்சு இருக்கும். அவங்க பேரை இங்கே சொல்லப் போறதில்லை. அவங்ககிட்ட அனுமதி வாங்கலை. இன்னொரு காரணம், எட்டு வயசுலயே நான் அவங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான். அந்தப் பேரை என் வாய் சொல்லிப் பழகின விதமே சரியில்லை.

இதுல முக்கியமான விஷயம், அவங்களும் எங்க சபைதான். ஒரே ஆலயம். திருவிருந்துல ஒரே பாத்திரம், ஐயர் துணியால துடைச்சுத் துடைச்சு அடுத்தவங்க வாய்க்குக் கொண்டு போவார். எங்க ஆயா எப்பவும் முதல் வரிசையில முழங்கால் போடுவாங்க. அது பக்தின்னு ரொம்ப நாள் நினைச்சேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்துல குடிச்ச அந்த அம்மாவுக்கு, திங்கட்கிழமை எங்க வீட்டுத் தொழுவத்து இறவாணத்துல ஒரு தனி டம்ளர் செருகியிருக்கும்.

2011 டிசம்பர் 30. தானே புயல். விடியக்காலையில கரையைக் கடந்துச்சு. எங்க பக்கத்து ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க, வருஷத்தை இன்னிக்கும் "தானேக்கு முன்னாடி, தானேக்கு அப்புறம்"னுதான் எண்ணுவாங்க. தாத்தா காலத்துப் பலா மரம் எல்லாம் வேரோட சாய்ஞ்சு கிடந்தது. முந்திரித் தோப்புக்குள்ள நின்னா வெட்டவெளி தெரிஞ்சுது. கரண்ட் இல்லை, அதனால மோட்டார் இல்லை, தண்ணி இல்லை. விறகு எல்லாம் நனைஞ்சு போச்சு. எங்க வீட்டு ஓடு பாதி பறந்துடுச்சு. எனக்கு அப்போ பதினாலு வயசு. மத்தியானம் வரைக்கும் யாரும் ஒண்ணும் சாப்பிடலை.

ஒரு மணி இருக்கும். அந்த அம்மா மதகைத் தாண்டி வந்தாங்க. அவங்க வீட்டுக்குக் கூரையே இல்லை, அது அப்புறம்தான் தெரிஞ்சுது. கையில ஒரு அலுமினியத் தூக்கு. கேழ்வரகுக் கூழ். "ஆயாம்மா, புள்ளைங்க பட்டினியா இருக்கும், கரைச்சுக் குடுங்க"ன்னு திண்ணையில வெச்சாங்க. ஆயா, "வெச்சிட்டுப் போ"ன்னாங்க. அவங்க போனதும் தூக்கை எடுத்துட்டுப் போய் மாட்டுத் தொட்டியில ஊத்திட்டாங்க.

நான் பார்த்துக்கிட்டே நின்னேன். எனக்குப் பசி. ஒரு வார்த்தை பேசலை. ஆயா கெட்டவங்கன்னு நினைச்சுடாதீங்க. மறுநாள் ராத்திரி வருஷக் கடைசி ஆராதனை, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல நடந்துச்சு. புயல்ல வீடு இழந்தவங்களுக்குன்னு ஆயா அரிசியும், மடிப்புக் கலையாத ரெண்டு புடவையும், பணமும் கொடுத்தாங்க. மனசாரத்தான் கொடுத்தாங்க. அந்தப் புடவையில ஒண்ணு அந்த அம்மாவுக்குத்தான் போச்சு.

அந்த ஆராதனைக்கு முன்னாடி, அன்னிக்குக் காலையில, தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினாங்க. அந்த அம்மா ஓலையைப் பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. வாங்கிக்கிட்டு, "தம்பி, குடிச்சியா? உப்பு சரியா இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க.

"நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சரி, இங்கே கொஞ்சம் பின்னாடி போகணும். சென்னைக்கு வந்து வேலையில சேர்ந்த பிறகு, சபை வரலாறு படிக்க ஆரம்பிச்சேன். அப்போதான் தெரிஞ்சுது, நான் வளர்ந்த இடத்துல இருந்து கொஞ்ச தூரத்துல, மேல்பட்டாம்பாக்கத்துல, இதே சாப்பாட்டுப் பிரச்சினைக்காக ஒருத்தர் தன் மிஷனையே விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கார்னு. பள்ளிக்கூடம் போறப்போ ரயில்ல அந்த ஸ்டேஷனை எத்தனை தடவை தாண்டியிருப்பேன்!

அவர் பேர் கார்ல் ஓக்ஸ். ஜெர்மன்காரர், லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தவர். அந்தக் காலத்துச் சபைகள்ல சாதிவாரியா உட்கார இடம், திருவிருந்துல யார் முதல்ல, யார் பின்னாலங்கிறது எல்லாம் பெரிய சண்டை. 1833-லேயே ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி கூடவே கூடாதுன்னு கடிதம் எழுதினார். பல பேர் கோவிச்சுக்கிட்டு சபையை விட்டே போனாங்க. 1850-ல சென்னையில மிஷனரிகள் கூடி, சாதியை விட்டுட்டேன்னு வாயால சொன்னா போதாது, எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடயும் உட்கார்ந்து சாப்பிடத் தயாரா இருக்கணும்னு ஒரு நிலைப்பாடு எடுத்தாங்க. லைப்சிக் மிஷன் மட்டும் அதுக்கு ஒத்துக்கலை.

லைப்சிக் தரப்பையும் சொல்லணும், இல்லைன்னா நியாயம் இல்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் சாதாரண ஆள் இல்லை. தமிழ்நாட்டுக்கு வந்து தங்கித் தமிழ் படிச்சவர், திருக்குறளை ஜெர்மன்ல மொழிபெயர்த்தவர். அவர் வாதம் என்னன்னா, சாதி ஒரு சமூக வழக்கம், அதை உத்தரவு போட்டு ஒடைக்க முடியாது, சுவிசேஷம் உள்ளுக்குள்ள வேலை செஞ்சா தானா மெல்ல உதிரும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரு சாப்பாட்டை வெச்சு அன்பைப் பரீட்சை பண்ணலாமாங்கிற கேள்வியும் நியாயம்தான். நானே அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கேன். ஆனா பிறப்பால எல்லாரும் ஒண்ணுன்னு சொல்ற குறளை மொழிபெயர்த்த கையே, "மெல்ல மெல்ல"ன்னும் எழுதியிருக்கு. அந்த "மெல்ல" நூத்தி அறுபது வருஷம் கழிச்சு எங்க வீட்டு இறவாணத்துல டம்ளரா செருகியிருந்துச்சு. அதனால என் ஓட்டு இப்போ ஓக்ஸுக்குத்தான்.

ஓக்ஸ் லைப்சிக்கை விட்டுப் பிரிஞ்சு, 1860-களின் தொடக்கத்துல மேல்பட்டாம்பாக்கத்துல தனியா ஒரு மிஷன் ஆரம்பிச்சார். அப்புறம் டென்மார்க் மிஷன் அவரோட கை கோத்துச்சு. கடலூரைத் தலைமையிடமா வெச்சிருக்கிற ஆற்காடு லுத்தரன் திருச்சபையோட வேர் அங்கேதான் இருக்கு. தன் இடத்துக்கு அவர் வெச்ச பேர் பெத்தானியா.

அந்தப் பேரைப் படிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பெத்தானியான்னா நமக்கு மார்த்தாள், மரியாள், லாசரு ஞாபகம் வரும். மாற்கு 14-ஐ எடுத்துப் பாருங்க. பெத்தானியாவில இயேசு சாப்பிட உட்கார்ந்திருக்கிற வீடு சீமோனுடையது. ஊரே குஷ்டரோகின்னு அடையாளம் சொன்ன மனுஷன். அந்த வீட்டுல இயேசு யாருக்கும் எதுவும் கொடுத்ததா அங்கே எழுதியிருக்கலை. அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார், அவ்வளவுதான்.

தங்கச்சி, உங்க கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இங்கேதான் இருக்கு. நீங்க பணம் அனுப்புறீங்க, நல்லது, நிறுத்தாதீங்க. ஆனா அந்த ஹோம்ல என்னிக்காவது உட்கார்ந்து அவங்க பரிமாறினதைச் சாப்பிட்டிருக்கீங்களா? நான் உங்களைக் குத்திக் காட்டலை. எங்க ஆயாவும் கொடுத்தாங்க, நானும் கொடுக்கிறேன். கொடுக்கும்போது நம்ம கை மேல இருக்கு, எதிர்ல இருக்கிறவங்க முகத்தைப் பார்க்காமலே கொடுத்துட்டு வந்துடலாம். வாங்கிக் குடிக்கணும்னா அவங்க வீட்டு வாசல்படி ஏறணும்.

ஆயா 2019-ல இறந்தாங்க. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப மதகைத் தாண்டி அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். பதினாலு வருஷமா தொண்டையில நின்ன ஒண்ணைச் சொல்லிடணும்னு. இப்போ காங்கிரீட் வீடு, தொகுப்பு வீட்டுத் திட்டத்துல வந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டாங்க. "வாங்க தம்பி, உட்காருங்க." எனக்கு அந்த "வாங்க" சுருக்குன்னு இருந்துச்சு. உடனே பேரனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து, "கடையில தண்ணி பாட்டிலும் கூல்ட்ரிங்ஸும் வாங்கிட்டு ஓடியா"ன்னாங்க.

எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சுது. சீல் ஒடைக்காத பாட்டில்னா எங்க ஆளுங்க தொடுவாங்க. அவங்க கைபட்ட தண்ணியை வேண்டாம்னு சொல்ல வேண்டிய சங்கடத்தை அவங்களே எனக்கு மிச்சம் பண்ணிக் கொடுக்கிறாங்க.

"பாட்டில் வேணாம், வீட்டுத் தண்ணியே குடுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாங்க. உள்ளே போய் ஒரு சில்வர் சொம்பை ரெண்டு தடவை தேய்ச்சுக் கழுவுற சத்தம் கேட்டுச்சு. கொண்டு வந்து கொடுத்தாங்க. குடிச்சேன்.

அப்புறம் சொல்லிட்டேன். அந்தக் கூழை நான் குடிக்கலை, ஆயா மாட்டுக்கு ஊத்திட்டாங்க, நல்லா இருந்துச்சுன்னு நான் சொன்னது பொய், மன்னிச்சுடுங்கன்னு. சென்னையில ஒத்திகை எல்லாம் பார்த்து வெச்சிருந்தேன், அங்கே ரெண்டு வரியில முடிஞ்சு போச்சு.

"தெரியும் தம்பி"ன்னாங்க.

"எப்படி?"

"அன்னிக்குச் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தது யாரு? தொட்டியெல்லாம் கூழு ஒட்டிக்கிட்டு இருந்துச்சே."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. மறுநாள் காலையில நான் தூக்கைக் கொண்டு போனப்ப அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. "அப்புறம் ஏன் உப்பு சரியா இருந்துச்சான்னு கேட்டீங்க?"

அவங்க சொம்பை என் கையில இருந்து வாங்கிக்கிட்டாங்க. "நீயாவது ஒரு வாய் குடிச்சியான்னு பார்க்கத்தான் கேட்டேன்." அப்புறம் உள்ளே பார்த்து மருமகளுக்குக் குரல் கொடுத்தாங்க. திரும்பி என்கிட்ட, "நேத்து வெச்ச மீன் குழம்பு இருக்கு, சுட வைக்கச் சொல்லவா?"ன்னாங்க.

சொல்லுங்கன்னேன். பேரன் பாட்டிலோட வந்து வாசல்ல நின்னான். அதை நீயே குடின்னு சொல்லிட்டு, தட்டுக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.