வைத்தியசாலை ஊழியரும் தேகாப்பியாசமும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

நமது குலத்தார் பண்டிதர் என்றும் மருத்துவர் என்றும் பெயர் பெற்றமை யாவரும் அறிந்ததே. ஆடவர் ரணசிகிச்சை செய்தனர். பெண்டிர் மருத்துவச்சியராய் ஊரார் மகவுகளைத் தம் கையில் ஏந்தினர். அப்பரம்பரையில் வந்த நம் மக்களுட் பலர் இன்று வைத்தியசாலைகளில் தாதியராகவும் வைத்தியராகவும் ஊழியம் புரிவது நமக்குப் பெருமையே. ஆயினும், பிறர் நோய் தீர்க்கும் இவர்கள் தம் உடலும் உள்ளமும் நைந்து வருவதை நாம் கவனியாதிருத்தல் தகுமோ?

இதனைத் தொழிற்சோர்வு என்பர். 1974-ம் ஆண்டில் மனோதத்துவ நிபுணர் பிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் இலவச வைத்தியசாலை ஊழியரிடம் இதனைக் கண்டு எழுதினார். 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கு மூன்று அடையாளங்கள் கூறிற்று: சக்தியெல்லாம் வற்றிய களைப்பு, தொழிலில் வெறுப்பும் பற்றின்மையும், வேலைத்திறன் குன்றுதல். இது வியாதியன்று, வேலையிடத்தில் நீடித்த நெருக்கடி சரிவர நிர்வகிக்கப்படாமையால் விளைவது என்பதும் அந்த ஸ்தாபனத்தின் கருத்து. ஆதலின், சோர்ந்த தாதியைச் சோம்பேறி என்பது அறியாமையாகும்.

இச்சோர்வைத் தணிக்கத் தேகாப்பியாசம் துணைபுரியும் என்றால், "நாள் முழுதும் நின்றும் நடந்தும் உழைப்பவளுக்கு வேறு அப்பியாசம் எதற்கு?" என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. 1953-ல் லண்டனில் மோரிஸ் என்னும் வைத்தியர், மாடிப் பஸ்களில் படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைக் காட்டிலும் இருதய நோய் குறைவெனக் கண்டார். ஆயின் டென்மார்க்கு முதலிய தேசங்களில் நடந்த பிற்கால ஆராய்ச்சிகள், தொழிலில் உண்டாகும் உடலுழைப்பு ஓய்வுநேர அப்பியாசத்தைப் போல் நன்மை தருவதில்லை என்று காட்டின. காரணம் வெளிப்படை. நோயாளியைத் தூக்குவதும், பலமணி நேரம் நிற்பதும் தாதியின் இஷ்டப்படி நிகழ்வனவல்ல. களைத்தபோது நிறுத்தவும் இயலாது. அப்பியாசமோ தன் விருப்பத்தால் தொடங்கிக் குறுகிய காலத்தில் முடிந்து, அதன்பின் ஓய்வும் தருவது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வகுத்த அளவு, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான அப்பியாசம் என்பதாகும். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி விரைந்து நடந்தாற் போதும். அப்பியாசம் செய்வோரிடம் சோர்வு குறைவாய் இருப்பதைப் பல ஆராய்ச்சிகள் கண்டுள்ளன. எனினும் சோர்ந்தவர் அப்பியாசத்தையே கைவிடுவதும் உண்டாதலால், இதனைச் சர்வரோக நிவாரணி என்று நாம் கூறமாட்டோம்.

அந்த அரைமணி எங்கிருந்து வரும்? இதுவே முக்கியம். இரவு முறை முடித்து வந்த பெண் நேரே அடுப்படிக்குச் செல்வாளாயின், நமது உபதேசத்தால் யாது பயன்? இல்லத்து ஆடவர் சமையலிலும் குழந்தை பராமரிப்பிலும் பங்கேற்க வேண்டும். அவள் முதலில் உறங்கட்டும், பிறகு உலாவட்டும்.

வைத்தியசாலை நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. "அப்பியாசம் செய்க" என்று சுவரில் எழுதி வைத்து, இருவர் வேலையை ஒருவர் தலையில் சுமத்துவது தர்மமன்று. மேற்படிப்புப் பயிலும் வைத்தியர் வாரத்திற்கு 74 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்று, தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024-ல் சிபாரிசு செய்தது. அந்த 74 மணியே அதிகமன்றோ! போதிய ஆட்களும் வார விடுமுறையும் இன்றி அப்பியாசம் மட்டும் சோர்வைப் போக்காது.

ஆகவே நமது சங்கத்தார், மாலைதோறும் சங்க மண்டபத்தின் முற்றத்தை வைத்திய ஊழியம் செய்யும் நம் பெண்களின் அப்பியாசத்திற்கு ஒழித்துக் கொடுக்கும்படி வேண்டுகின்றோம். பொருட்செலவு மிகுதியில்லை, மனம் ஒன்றே வேண்டும். பிறர் உயிரைக் காப்போரைக் காப்பது நம் கடமையன்றோ!