குளிர்ப் பாலை

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் அரங்கேறிய கவிதைகளுள் மலையைப் பாடியவை பல. அவற்றுள் பெரும்பாலானவை அருவி, முகில், பசுமை என்னும் மூன்றையே சுற்றி வருவன. நம் மரபில் மலை என்றாலே குறிஞ்சி; குறிஞ்சி என்றாலே வேங்கை மரம், தினைப்புனம், தேனடை. அருவியும் மரமும் இன்றிப் புல்லும் அரிதாகிப்போன மலை ஒன்று எதிர்ப்பட்டால் தமிழ்க் கவிஞன் அதனை எந்தத் திணையில் வைப்பான்? இவ்வினாவை எழுப்பவே, மணாலியிலிருந்து லே நகர் வரை மோட்டார் சைக்கிளில் சென்று வந்த பயணத்தை இன்று பொருளாக எடுத்துக்கொண்டேன்.

வண்டியை ஓட்டியவர் என் கணவர். நான் பின்னிருக்கையில் இருந்தேன். 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு, நான்கு நாட்கள். வண்டி புல்லட். இந்தியப் படை எல்லைக் காவலுக்கு இவ்வகை வண்டியை விரும்பியதாலேயே 1950களில் சென்னையில் இதன் உற்பத்தி தொடங்கியது. திருவொற்றியூர்க் கடற்கரையருகே உருவான அவ்வண்டிகள் இமயம் ஏறின என்பது எண்ணிப் பார்க்க இனிய செய்தி.

2020-இல் திறக்கப்பெற்ற அடல் சுரங்கப் பாதை 9 கிலோமீட்டர் நீளமுடையது. அதனுள் நுழையும்போது பின்னால் தேவதாரு மரங்கள் அடர்ந்த குலு மலைச்சரிவு. வெளியே வந்தால் மரம் குறைந்து பாறை மிகுந்த லாகூல். ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சாக் கணவாயைத் தாண்டினால் மரம் என்ற சொல்லுக்கே வேலையில்லை. தென்மேற்குப் பருவக்காற்றை இமயத் தொடர் தடுத்துவிடுகிறது. லே நகரில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர். சென்னையிலோ ஏறத்தாழ 1,400.

சர்ச்சு என்னுமிடத்தில் சமவெளி போலத் தோன்றும் நிலத்தை ஆறு ஆழ அறுத்துக்கொண்டு ஓடுகிறது. விளிம்புக்கு வரும்வரை பள்ளம் தெரிவதில்லை. பாங் அருகே, காற்றும் நீரும் அரித்த மண்சுவர்கள் தூண்களாய் நிற்கின்றன. உப்ஷியை நெருங்கும் இடுக்கில் பாறை அடுக்குகள் செங்குத்தாகத் திரும்பி, ஒன்று கத்தரிப்பூ நிறம், அடுத்தது பாசிப்பயற்றின் பச்சை, அதற்கடுத்தது செங்காவி என நிற்கின்றன. ‘வானை முட்டும்’ என்ற தொடரை எல்லா மலைகளுக்கும் வாடகைக்கு விட்டு வைத்திருக்கிறோம். இங்கே எனக்குக் கை கொடுத்தவை அடுக்களைச் சொற்களே.

5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த தங்லங் கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. வண்டி முதற் கியரில் திணறியது; இருபது அடி நடந்த நானும் திணறினேன். அழகை நுகர்வதற்கும் மூச்சு வேண்டும் என்பதை மகிழுந்தின் கண்ணாடிக்குள் இருந்தவர்கள் அந்த அளவுக்கு உணர்ந்திருக்க மாட்டார்கள்.

இனி என் வினாவிற்கு வருகிறேன். குறிஞ்சிக்குரிய முதற்பொருளான மலை இங்கே மலைமலையாய் இருக்கிறது, கருப்பொருள்களோ இல்லை. கோடையின் வெம்மையால் தம் இயல்பு திரிந்த முல்லையும் குறிஞ்சியுமே பாலை என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளக்கினார். வெயிலால் திரிவது பாலையானால், குளிராலும் மழையின்மையாலும் திரிந்ததை என்னென்பது? பாலைக்குத் தனி நிலம் வகுக்காத தொல்காப்பியர், வேனிலோடு பின்பனியையும் அத்திணைக்கு உரிய பொழுதாக்கினார். எனவே குளிர்ப் பாலை என்று சொல்ல இலக்கணம் தடையாக நிற்கவில்லை.

பெயர் சூட்டுவதோடு நின்றுவிட்டால் இது வெறும் புலமை விளையாட்டு. பாலையின் உரிப்பொருள் பிரிவு. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலை. அவற்றில் பொருள் தேடிப் போனவனின் வழியும், வீட்டில் காத்திருப்பவளின் நெஞ்சும் இணைந்தே வருகின்றன. வழியின் கொடுமையை மட்டும் பாடி நெஞ்சை விட்டுவிட்டால் அது பாலைப்பாட்டு ஆகாது. நம்மவர் பயணக் கவிதைகளில் நான் காணும் குறை இதுவே. கண்டேன், வியந்தேன் என்று முடிந்துவிடுகின்றன. அந்தச் சாலையைப் போட்டவர் யார் என்று கேட்பதில்லை.

கேட்டால் விடை எளிது. எல்லைச் சாலை அமைப்பின் கீழ்க் கல்லுடைத்துத் தார் ஊற்றுவோருள் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் கோடைக்கு வந்து, பனி விழுமுன் திரும்புவோர் பலர். 2020 ஜூனில் தும்காவிலிருந்து இவர்களைத் தனி இரயிலில் ஏற்றி அனுப்பினார்கள்.

தங்லங் கணவாய்க்குக் கீழே தார்ப் பீப்பாய் கொதித்துக்கொண்டிருந்த இடத்தில் எங்களை நிறுத்தினார்கள். முகத்தைத் துணியால் சுற்றியிருந்த ஒரு பெண் ஜல்லி நிரப்பிக்கொண்டிருந்தாள். இந்தி அறிந்த என் கணவர் ஊரைக் கேட்டார். தும்கா என்றாள். நாங்கள் தமிழ்நாடு என்றதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, திருப்பூர் எங்கள் வீட்டிலிருந்து எத்தனை தொலைவு என்று வினவினாள். அவளுடைய தம்பி அங்கே பனியன் கம்பெனியில் இரண்டாண்டுகளாக வேலை செய்கிறானாம்.

“அந்த ஊரில் குளிருமா?” என்றாள்.

“குளிராது, அம்மா” என்றோம். வழி திறந்துவிட்டார்கள்.