பூல் மேசையில் கண்ணும் கையும்



பூல் ஆடப் பழகுகிறவர்கள் சில மாதங்களில் ஒரு கேள்விக்கு வந்து நிற்பார்கள். "குறி பார்க்க ஏதாவது முறை இருக்கிறதாமே, அதைக் கற்றுக்கொண்டால் பந்து விழுமா?" அமெரிக்காவில் இந்த முறைகளுக்கென்றே புத்தகங்கள், வீடியோ பாடங்கள், கட்டணப் பயிற்சிகள் எல்லாம் உண்டு. அவற்றுக்குச் செலவிடும் பணத்துக்கும் காலத்துக்கும் பலன் இருக்கிறதா என்று இன்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. பூல் பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர். பாக்கெட்டிலிருந்து, விழ வைக்க வேண்டிய பந்தின் நடுவழியாக ஒரு கோடு இழுத்து, அதைப் பந்துக்குப் பின்னாலும் நீட்டிக்கொள்ளுங்கள். நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து வந்து மோதும்போது அதன் நடு அந்தக் கோட்டின் மேல், மற்றப் பந்தின் நடுவிலிருந்து சரியாக 57 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அதன் நடுவைப் பார்த்து அடிப்பதுதான் 'கோஸ்ட் பால்' முறை. கற்பனைப் பந்து என்று சொல்லலாம். கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. காயைத் தொடும்போது ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்கும் என்று அவர்கள் கண் தானாகவே அளந்துவிடும்.

புதியவர்கள் இங்கே ஒரு பிழை செய்கிறார்கள். மற்றப் பந்தில் தொட வேண்டிய புள்ளியைக் கண்டுபிடித்து, வெள்ளைப் பந்தின் நடுவை அந்தப் புள்ளிக்கே அனுப்புகிறார்கள். வெள்ளைப் பந்துக்கும் உடம்பு இருக்கிறதே! அதன் விளிம்பு முன்னதாகவே வேறோர் இடத்தில் மோதிவிடும். பந்து போதிய அளவு வெட்டப்படாமல் பாக்கெட்டின் ஓரத்தில் இடித்து நிற்கும். இந்த ஒரு பிழையைத் திருத்துவதற்காகவே கற்பனைப் பந்து முறையை எல்லோரும் கற்க வேண்டும் என்பேன்.

அடுத்தது பின்ன முறை. வெள்ளைப் பந்தின் நடுவை மற்றப் பந்தின் விளிம்புக்கு நேராக அனுப்பினால் பாதிப் பந்து மூடும். மற்றப் பந்து 30 டிகிரி விலகி ஓடும். முக்கால் பந்து மூடினால் பதினாலரை டிகிரி. கால் பந்து மட்டும் மூடினால் ஏறக்குறைய நாற்பத்தெட்டரை. இந்த மூன்றும் கண்ணில் பதிந்துவிட்டால் மேசையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். ஆனால் இவற்றுக்கு நடுவில் இருக்கும் கோணங்களை என்ன செய்வது? கார்னர் பாக்கெட்டின் வாய் சுமார் நாலரை அங்குலம், இரண்டு பந்துகளின் அகலம். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பந்து அதில் விழ வேண்டுமானால் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று டிகிரி சொச்சம்தான் இடம் இருக்கிறது. நேர் அடியிலிருந்து 60 டிகிரி வெட்டு வரைக்கும் ஒரு பக்கத்துக்கே இருபது குறிகள் வரை தேவைப்படும். மூன்றை வைத்துக்கொண்டு இருபதையும் அடிக்கிறவர், மீதியைத் தன் பழக்கத்திலிருந்து எடுத்து நிரப்புகிறார். அப்படி நிரப்புவதை அவரே அறிவதில்லை.

இந்த இடத்தில்தான் பெரிய சர்ச்சை. ஹால் ஹூல் என்பவர் பரப்பிய 'சென்டர் டு எட்ஜ்' முறையைப் பின்னர் ஸ்டான் ஷஃபெட் விரிவாக்கிக் கற்பித்தார். வெள்ளைப் பந்தின் நடுவையும் மற்றப் பந்தின் விளிம்பையும் இணைத்துப் பார்த்து, குறிப்பிட்ட சில நிலைகளில் கியூ என்ற கோலை வைத்துத் திருப்பினால் சரியான குறி தானே அமையும் என்பது அதன் சாரம். இந்த முறையைப் பின்பற்றுகிறவர்கள் இதற்காக உயிரைக் கொடுத்து வாதாடுவார்கள். எனக்கு அதில் ஒரு கேள்வி உண்டு. இரண்டு பந்துகளையும் அசைக்காமல் வைத்துவிட்டு, பாக்கெட்டை மட்டும் ஐந்து டிகிரி தள்ளி வைப்பதாக நினைத்துப் பாருங்கள். பந்துகளை மட்டும் பார்க்கும் முறை அதே குறியைத்தான் காட்டும். தேவையான அடியோ வேறு. அந்த ஐந்து டிகிரியை யார் கண்டுபிடித்தது? ஆட்டக்காரரின் கண்தான். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பித்த டேவிட் அல்சியடோர், பூல் உலகில் டாக்டர் டேவ், இந்த முறையின் கணக்கு நிற்காது என்று பலகாலமாக எழுதிவருகிறார். அதே கையோடு, இப்படிப்பட்ட முறைகளால் ஆட்டக்காரருக்கு ஒழுங்கும் கவனமும் கூடுகின்றன என்றும் ஒப்புக்கொள்கிறார். அவர் சொல்லும் இந்த இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால், கணக்கே சரியாக இருந்தாலும் பந்து தவறும். பந்துகள் மோதும்போது ஒன்றையொன்று உரசுகின்றன. வெள்ளைப் பந்து போகிற பக்கமாக மற்றப் பந்தையும் சற்று இழுத்துவிடும். மெதுவாக அடிக்கும் பாதிப் பந்து அடிகளில் இந்த இழுப்பு நன்றாகவே தெரியும். காகிதத்தில் வரைந்த கற்பனைப் பந்துக்கு உரசல் கிடையாது, மேசையில் உண்டு. பக்கச் சுழல் கொடுத்தாலோ வெள்ளைப் பந்து கிளம்பும்போதே திசை விலகும், பிறகு துணியில் வளையும். இதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் அடக்க முடியாது.

அடுத்து, கையின் பங்கு. வெள்ளைப் பந்து ஒரு மீட்டர் தூரம் போய் மோத வேண்டும், நேர் அடி. புறப்படும்போது அது அரை டிகிரி பிசகினால் மற்றப் பந்து எட்டு டிகிரிக்கு மேல் விலகிப் போகும். பாக்கெட் இன்னொரு மீட்டர் தள்ளி இருந்தால் அங்கே 14 சென்டிமீட்டருக்கு மேல் தவறிவிடும். பந்து விழ வேண்டுமானால் பிசகு பத்தில் ஒரு டிகிரிக்குள் நிற்க வேண்டும். கியூவைத் தாங்கும் கைக்கு முன்னால் முனை ஒரு சாண் நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த முனை அரை மில்லிமீட்டர்கூட விலகக் கூடாது. எந்தக் குறிமுறை இதைச் செய்து தரும்? முழங்கை வெளியே போகிற, அடிக்கும்போது தலையைத் தூக்குகிற ஒருவருக்கு உலகத்தின் அத்தனை முறைகளையும் கற்றுக்கொடுத்தாலும், சரியான குறியைப் பார்த்துத் தவறாகவே அடிப்பார்.

அப்படியானால் குறிமுறையால் ஒருவரும் முன்னேறியதே இல்லையா? முன்னேறியிருக்கிறார்கள். பூலைப் போன்றே பந்தைப் பாக்கெட்டில் விழ வைக்கும் ஸ்னூக்கரில் மார்க் வில்லியம்ஸ் 2000, 2003 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றவர். 2017 உலகப் போட்டிக்கு அவரால் தகுதி பெறக்கூட முடியவில்லை. ஓய்வு பெறலாமா என்று யோசித்தார். பிறகு ஸ்டீவ் ஃபீனி என்ற பயிற்சியாளரின் 'சைட்ரைட்' முறைக்கு வந்தார். பந்துக்குப் பின்னால் எங்கே நிற்பது, கண் எந்தக் கோட்டைப் பார்ப்பது என்பதைத் திருத்தும் முறை அது. 2018-இல், 43 வயதில், ஜான் ஹிக்கின்ஸை 18-16 என்று வென்று மூன்றாவது பட்டத்தைப் பெற்றார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே பல்லாயிரம் மணிநேரப் பயிற்சி பெற்ற கை இருந்தது. பிசகியிருந்தது பார்வை, முறை அதைத்தான் திருத்தியது.

கண்ணைப் பற்றி ஆய்வும் இருக்கிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், அடிப்பதற்கு முன் தேர்ந்த ஆட்டக்காரரின் பார்வை கடைசியாக ஓரிடத்தில் அசையாமல் தங்குவதைக் கவனித்து, அதற்கு 'அமைதிக் கண்' என்று பொருள்படும் பெயரிட்டார். 2002-இல் வெளியான பில்லியர்ட்ஸ் ஆய்வு ஒன்றும், தேர்ந்தவர்களின் பார்வை மற்றவர்களுடையதைவிட நீண்டநேரம் நிலைத்திருப்பதைக் காட்டியது. குறிமுறைகள் தரும் உண்மையான பலன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தடுமாறிக்கொண்டிருந்த கண்ணுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. முறையைக் கடைப்பிடிப்பவர்கள் ஒவ்வொரு அடிக்கும் அதே இடத்தில் நின்று, அதே வரிசையில் பார்த்து, முடிவெடுத்த பிறகே குனிகிறார்கள். குனிந்த பிறகு சந்தேகப்படுவதில்லை.

மேசையிலேயே பழகித் தேர்ந்தவர்களும் உண்டு. பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ் சிறுவயதில் மணிலாவில் உறவினரின் பூல் கூடத்தில் வளர்ந்தார். மேசை எட்டாத வயதில் குளிர்பானப் பெட்டிகள் மேல் ஏறி நின்று ஆடியவர். இரவில் மேசைமேலேயே தூங்கியவர். 1999-இல் கார்டிஃப் நகரில் பூலின் ஒரு வகையான நைன்பாலில் உலகப் பட்டம் வென்றார். அவர் படித்த பாடமெல்லாம் அந்த மேசையில்தான்.

ஆகவே புதிதாகப் பழகும் நேயர்களுக்குச் சொல்கிறேன். கற்பனைப் பந்தையும் பாதிப் பந்தையும் கற்றுக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து வேறு முறை தேடுமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைப் பந்துக்குப் பதில் ஒரு பட்டைப் பந்தை வையுங்கள், பட்டை செங்குத்தாக, அடிக்கும் திசையைப் பார்த்து நிற்கட்டும். முன்னால் ஒரு பந்து, அதற்கு நேரே பாக்கெட். இருபது முறை அடியுங்கள். பட்டை தள்ளாடாமல் உருள்கிறதா என்று பாருங்கள். பதினைந்து முறையாவது உருளவில்லை என்றால் குறிமுறைப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு மாதம் இந்த நேர் அடியை மட்டும் அடித்துப் பழகுங்கள்.