நூலகத்தின் மின்படியும் நூலாசிரியர் உரிமையும்

(நூலகரும் தமிழாசிரியரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



நூல் ஒன்றை விலைகொடுத்து வாங்கியவனுக்கு உரிமையாவது எது? தாளும் அட்டையுந்தாம். அத்தாளின்மேல் ஏறியிருக்கும் எழுத்து அவனுக்கு உரிமையாவதில்லை. ஆயிரமாயிரம் நூல்களை அடுக்கி வைத்திருக்கும் பொது நூலகத்திற்கும் இதுவே நிலை. படிக்கத் தரலாம், இரவல் தரலாம், படியெடுத்துப் பரப்புதல் வேறு. ஓலையில் பெயர்த்தெழுதிய காலத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு சுவடியைப் பெயர்த்தெழுதத் திங்கள் சில ஆகும். இன்றோ ஒரு பகற்பொழுதில் ஒரு நூல் முழுவதையும் ஒளிவருடியில் இட்டு, மறுநாளே உலகெங்கும் செல்ல விடலாம்.

அதனால் மின்படி எடுக்கவே வேண்டா என்பார் பேச்சு எடுபடாது. சென்ற நூற்றாண்டில் அச்சேறிய தமிழ் நூல்களுள் பெரும்பாலானவை மலிவான மரக்கூழ்த் தாளில் வந்தவை. அத்தாள் தன்னுள் இருக்கும் புளிமத்தாலேயே பழுப்பேறிப் பொடியாகும். கரையானுக்கு வேலை வைப்பதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கித் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள், அரிய சுவடிகளுடன், சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை அன்றோடு ஒழிந்தன. மறுதலையாக, கோட்டையூர் ரோசா முத்தையா வாழ்நாள் முழுதும் திரட்டிய ஏறத்தாழ ஓரிலக்கம் நூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்தபின், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அங்கு முதலில் நுண்படலத்திலும் பின்னர் மின்படியிலும் அவை காக்கப்பெற்றன. எனவே, படி எடுப்பதா என்பது வினாவன்று. எடுத்த படியை யாருக்கு, எப்போது திறந்துவிடுவது என்பதே வினா.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. ஆசிரியர் வாழ்நாளில் வெளிவந்த நூலுக்கு, அவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. முன்னர் அது 50 ஆண்டாகவே இருந்தது. 1941இல் மறைந்த வங்கப் பாவலர் தாகூரின் நூலுரிமை முடியவிருந்த வேளையில் பத்தாண்டு கூட்டினார்கள். ஒருவர் பொருட்டுக் கூட்டிய பத்தாண்டு, ஊர்பேர் தெரியாத ஓராயிரம் தமிழ் நூல்களையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் நூலகங்களுக்கு ஒரு நல்வழி செய்தது. ஊதியம் கருதாப் பொது நூலகம், தன்னிடம் அச்சுப்படி இருக்குமாயின், காப்பதன் பொருட்டு அந்நூலை மின்வடிவில் சேமித்து வைக்கலாம் என 52ஆம் பிரிவு இசைவளிக்கிறது. ‘காப்பதன் பொருட்டு’ என்னுஞ் சொல்லை ஊன்றிப் பார்க்க வேண்டும். சேமிக்கலாம் என்றதே யன்றி, இணையத்தில் இட்டு ஊரறியப் பரப்பலாம் என்று அது சொல்லவில்லை. நூலகர் பலர் முன்பாதியைப் படித்துவிட்டுப் பின்பாதியைத் தாமே எழுதிக்கொள்கின்றனர்.

“தமிழுக்காகத்தானே செய்கிறோம்; இதில் என்ன குற்றம்?” என்று கேட்கும் இளைஞர் உண்டு. அவர்கள் உள்ளம் தூயது. ஆனால், ஓய்வுபெற்ற பின் தம் கைப்பொருளை இட்டு ஐந்நூறு படி அச்சிட்டுக் கட்டிலின் அடியில் அடுக்கி வைத்திருக்கும் புலவரை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் கண்மூடினால் அவர் துணைவியார்க்கு எஞ்சுவன அக்கட்டுகளே. அந்நூலை அவரைக் கேளாமல் இணையத்தில் இட்டால், அக்கட்டுகள் பழந்தாள் விலைக்குப் போகும். ஒளிவருடி விற்றவன் தமிழுக்காக விலையைக் குறைத்தானா? மின்கட்டணம் தமிழுக்காகத் தள்ளுபடியாயிற்றா? எழுதியவன் ஒருவனே தமிழுக்காக இழக்க வேண்டும் என்பது என்ன முறை?

கேட்டால் தருவார்கள். தமிழ்ப்புலவர் பெரும்பாலோர் தம் நூல் படிக்கப்படவேண்டும் என்றே ஏங்குகின்றனர். ஈழத்தமிழர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் எழுத்தாளர்களிடம் இசைவு கேட்டுப் பெற்று வளர்ந்தது. போரும் புலப்பெயர்வும் சூழ்ந்த மக்களுக்கே அது இயன்றதெனில், அமைதியான ஊரில் ஓர் அஞ்சலட்டை எழுதுவது அரிதாகுமா?

உரிமையர் யாரெனத் தெரியாத நூல்கள் உண்டு. பதிப்பகம் மூடப்பட்டிருக்கும், வழியினர் எங்குளர் என அறிய இயலாது. உரிமம் பெறச் சட்டத்தில் வழி இருப்பினும், சிற்றூர் நூலகர் அவ்வழியே நடந்து மீள்வது எளிதன்று. அத்தகைய நூலை மின்படியாக்கிக் காத்து, பெயரைப் பட்டியலில் சேர்த்து, தேடியதற்குச் சான்றும் எழுதிவைக்கலாம். “உரிமையர் எழுதினால் எடுத்துவிடுவோம்” என ஒரு வரி போட்டுவிட்டு எல்லாவற்றையும் திறந்துவிடுவது இசைவு கேட்டதாகாது.

மக்கள் அனைவர்க்கும் திறப்பதற்கு நேரிய வழி ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு, அது நாட்டுடைமை. பாரதியார் பாடலுரிமையைச் சென்னை அரசு 1949இல் பெற்றுப் பின்னர்ப் பொதுவாக்கியது. அதன்பின் எத்தனையோ அறிஞர்களின் நூல்கள், வழியினர்க்குப் பரிவுத்தொகை தந்து பொதுவாக்கப்பட்டன. பாவாணர் 1981இல் மறைந்தார். நாட்டுடைமை ஆகாதிருப்பின் அவர் நூல்கள் 2041 முடியும்வரை பூட்டப்பட்டே இருக்கும். எழுதியவர் குடும்பமும் இழக்கவில்லை, படிப்பவரும் இழக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்த வழக்கொன்றும் இங்கே எண்ணத்தக்கது. ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் மின்னூலகம், அச்சுப்படி ஒன்றுக்கு மின்படி ஒன்று என்ற கணக்கில் இரவல் தந்துவந்தது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றைக் காட்டி அக்கணக்கைத் தளர்த்தியது. நான்கு பதிப்பகங்கள் வழக்கிட்டன. 2023இலும், மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரிலும் மின்னூலகம் தோற்றது. தளர்த்திய சில கிழமைகளுக்காக, முன்பு நடந்துவந்த இரவலையும் இழந்தது.

உரிமைக்காலம் முடிந்த நூலிலும் கடமை முடிவதில்லை. இங்கே தனித்தமிழ் அன்பர்களுக்கே ஒரு சொல். பழைய நூலைக் கணினியில் தட்டச்சிடும்போது ‘வருஷம்’ என்றிருப்பதை ‘ஆண்டு’ என மாற்றுவதும், ‘புஸ்தகம்’ என்பதைப் ‘பொத்தகம்’ ஆக்குவதும் தொண்டு எனக் கருதுவோர் உளர். அது தொண்டன்று, பொய்ச்சான்று. மறைமலையடிகள் தம் பழைய நூல்களில் இருந்த வடசொற்களை மறுபதிப்பில் தாமே களைந்தார். ‘ஞானசாகரம்’ இதழைத் தாமே ‘அறிவுக்கடல்’ ஆக்கினார். அது ஆக்கியவர் உரிமை. அவருடைய இருவகைப் பதிப்பும் அப்படியே இருந்தால்தான், தனித்தமிழ் எப்படி அடிமேல் அடிவைத்து வளர்ந்தது என்பதற்குச் சான்று இருக்கும். முன்னைப் பதிப்பில் ‘சுவாமி வேதாசலம்’ என்றிருப்பின் அதை அழிக்காமல், பட்டியலில் இரு பெயரையும் இணைத்துக் காட்டுக. சிதைவைத் தடுக்கும் உரிமை ஆசிரியர்க்கு உண்டெனச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் சொல்கிறது.

இன்னொன்று. யாருக்கும் தனியுரிமை இல்லாத பழந்தமிழ் நூலை வருடிவிட்டு, பக்கந்தோறும் நடுவில் தம் முத்திரையைப் பதித்து “உரிமை எமக்கே” என்று போட்டுக்கொள்கின்றனர் சிலர். வருடியது உழைப்பு, படைப்பாகாது. சுவடியைத் தலைமுறை தலைமுறையாகப் பேழையில் காத்துத் தந்த குடும்பத்தின் பெயரோ எங்கும் காணோம். முத்திரைக்கு இடமிருக்கும் பக்கத்தில் அப்பெயருக்கு இடமில்லையா?

வாழும் நூலாசிரியர்கள் செய்யக்கூடியது எளிது. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஆசிரியர் தம் உரிமை முழுவதையுமோ ஒரு பகுதியையோ பொது அறிவிப்பின் வழியாகவே விட்டுக்கொடுக்கலாம். அவ்வளவு வேண்டா எனில், “விற்பனைக்கு இல்லாத காலத்துப் பொது நூலகங்கள் இந்நூலின் மின்படியைப் படிக்கத் தரலாம்” என்னும் ஒரு வரியை அடுத்த பதிப்பின் முதற்பக்கத்தில் அச்சிடுக. வழியினர் பெயரும் முகவரியும் அருகில் உள்ள நூலகத்தில் எழுதித் தரப்படட்டும். நூலகர்கள் அதற்கென ஒரு பேரேடு திறந்து வைக்கட்டும்.