மன்னார் ஆவணங்கள்: சொல்லும் பார்வை உரிமையும்

இம்மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் அணுக்க உரிமை ஓர் அமர்வு, கலைச்சொற் சீர்மை இன்னோர் அமர்வு. அந்தப் பிரிவினையோடு தொடக்கத்திலேயே முரண்படுகிறேன். மன்னார்த் தீவையும் கரையோரத்தையும் பற்றிய எண்ணிமச் சேகரங்களில் இவ்விரண்டும் ஒரே வேலை. ஓர் ஆவணத்தை எந்தச் சொல்லால் விவரிக்கிறோமோ, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதை யார் பார்க்கலாம் என்ற விதி இயங்குகிறது. சொல் தடுமாறினால் விதியும் தடுமாறும்.

மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய்ந்த வில்லியம் ஹேர்ட்மனின் அறிக்கையை லண்டன் றோயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. அவர் 1924இல் மறைந்தார். ஆசிரியர் மறைவுக்குப்பின் 70 ஆண்டு என்ற நம் இலங்கைச் சட்டக் கணக்கில், அவர் எழுதிய பகுதிகளின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, தயங்காமல் திறக்கலாம். மன்னார்க் கத்தோலிக்கக் கூத்துக் கொப்பிகள் அப்படியல்ல. இயற்றியவர் மறைந்து நூறாண்டு கடந்திருந்தாலும், அந்தக் கூத்தைத் தலைமுறையாக ஆடிவரும் ஊருக்கு அதில் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நாட்டார் வெளிப்பாடுகளைத் தனியே பாதுகாக்கிறது. மூன்றாவது வகை, 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி முஸ்லிம்களின் வாய்மொழிப் பதிவுகளும், காணாமற்போனோரைத் தேடும் குடும்பங்களின் வாக்குமூலங்களும். ஒலிப்பதிவின் பதிப்புரிமை பதிவுசெய்த நிறுவனத்திடம் இருக்கலாம். பேசியவரின் பெயர் வெளியே போனால் அல்லற்படுவது அந்த நிறுவனம் அல்ல. டப்ளின் கோர் என்ற மீதரவு (ஆவண விவரக் குறிப்பு) நியமம் தரும் 15 கூறுகளில் ‘உரிமை’ ஒன்றே ஒன்று. அந்த ஒற்றைக் கட்டத்தில் ஒரு வரியை எழுதிவைத்தால் இம்மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். பதிப்புரிமை நிலை, பார்வை அனுமதி, அனுமதி தந்தவர், அது மீளாய்வுக்கு வரும் நாள் ஆகிய நான்கும் மீதரவில் தனித்தனியே நிற்கவேண்டும்.

இவ்வளவையும் ஒழுங்காக நிரப்பினாலும் சொல் குழம்பினால் பயனில்லை. எருக்கலம்பிட்டி ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்படுகிறது. ஓர் எழுத்துக்கூட்டலோடு பிணைத்த தடை, வேறொரு கூட்டலில் ஏறிய சாட்சியத்தைத் தொடாது. அது திறந்தே கிடக்கும். சாட்சியம் பதிவான இடம் புத்தளம், அது பேசும் இடம் மன்னார் என்றிருக்கையில் இரண்டையும் ‘இடம்’ என்ற ஒரே கட்டத்தில் போட்டாலும் இதே கதிதான். மறுபுறம், திறந்திருக்கும் ஹேர்ட்மன் அறிக்கையும் எட்டாமல் போகிறது. பெரியபார் போன்ற பார்களின் (கடலடிப் படுகைகளின்) பெயர்களை அவர் ஆங்கில எழுத்தில் அப்படியே எடுத்தாண்டார். தமிழில் ‘முத்துப்படுகை’ என்று தேடும் மாணவர் அந்தப் பக்கங்களைக் காணமாட்டார்.

தரப்படுத்திய சொற்பட்டியல் கடலோரத்தார் வழக்கை அழித்துவிடும் என்பார்கள். சொல்லைத் தேர்ந்து மற்றவற்றை எறிந்தால் அழிக்கத்தான் செய்யும். ஆனால் கணினிக்கு வேண்டியது மாறாத ஓர் அடையாள எண் மட்டுமே. மாதோட்டம், மாந்தை, மகாதித்த என ஒரே பழந்துறைமுகத்துக்கு வழங்கிய பெயர்கள் எல்லாம் தத்தம் காலக் குறிப்போடு அதன்கீழ் வாழலாம். இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் எதையும் மூடிவைக்கக்கூடாது என்ற உணர்வு அது. 2005 முதல் நூலக நிறுவனம் தன் இணைய எண்ணிம நூலகத்தின்வழி ஆற்றிவரும் திறந்த பணிக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆயினும் அழியாமல் காப்பது பல இடங்களில் வைத்த படிகள். எல்லோருக்கும் காட்டுவது வேறு முடிவு. கோப்பை மூடினாலும் அதன் விவரம் வெளியே தெரியட்டும். விவரமே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால் மட்டும் அதையும் சுருக்கலாம். காரணமும் முடிவு நாளும் எழுதாத தடையை நான் தடையாகவே ஏற்கமாட்டேன். நிறுவனங்கள் தம் சங்கடத்தை மறைக்கவும் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்கின்றன.

சிறு கத்தோலிக்கப் பங்குகளிலும் பள்ளிவாசல்களிலும் இதற்கு ஆள் எங்கே என்பது நியாயமான கேள்வி. ஒவ்வொருவரும் தனியே செய்தால் ஆள் போதாது. ஊர்ப்பெயர்களுக்கும் பார்களுக்கும் ஒரு பொதுப்பட்டியல் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். தலைமன்னார் முதல் சிலாவத்துறை வரை அந்தப் பட்டியலைத் தொகுக்க மீனவர் சங்கங்களையும் ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் சேர்த்து ஒரு குழுவை இம்மாநாடு கலைவதற்குள் அமைக்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.