ஆசானின் மெட்டில் ஒரு பாட்டு

ஒரு கவிஞனின் முதற் தொகுதியை நாம் எதற்காகத் தேடிப் படிக்கிறோம்? பின்னாளில் அவன் அடைந்த உயரத்தின் விதை அதில் கிடக்கிறதா என்று பார்க்கத்தான். 2016ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பாடகர் பொப் டிலனின் முதலாவது இசைத்தட்டை அவ்வாறு கேட்கத் தொடங்குபவர் சற்று ஏமாந்துபோவார். கொலம்பியா நிறுவனம் 1962 மார்ச்சில் வெளியிட்ட அத்தட்டிலுள்ள 13 பாடல்களில் டிலன் எழுதியவை இரண்டே இரண்டு. ஏனையவை பழைய நாட்டார் பாடல்களும், கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களும். அவற்றுட் பல மரணத்தைப் பற்றியவை.

பாடியவருக்கு வயது 20. மினசோட்டா மாநிலத்திலிருந்து 1961இன் தொடக்கத்தில் நியூ யோர்க்குக்கு வந்து, கிறீனிச் விலேஜ் கோப்பிக் கடைகளில் பாடித் திரிந்தவர். அவ்வாண்டு நவம்பரில் தயாரிப்பாளர் ஜோன் ஹமன்ட் இரண்டே நாட்களில் ஒலிப்பதிவை முடித்தார். கிற்றார், மௌத் ஓர்கன், குரல் - அவ்வளவுதான். செலவு ஏறத்தாழ 400 டொலர். தட்டு விலைபோகவில்லை. 'ஹமன்டின் மடமை' என்று நிறுவனத்துக்குள்ளேயே பரிகசித்தார்களாம்.

நாம் தேடும் விதை, சொந்தப் பாடல்கள் இரண்டில் ஒன்றான 'சோங் டு வூடி'யில் இருக்கிறது. அது வூடி கத்றிக்கு எழுதிய பாட்டு. இடம்பெயர்ந்த விவசாயிகளையும் தொழிலாளரையும் பாடிய கத்றி, அப்போது ஹன்டிங்டன் நோயினால் நியூ ஜேர்சி மருத்துவமனையொன்றில் கிடந்தார். டிலன் அங்கே சென்று, கத்றியின் பாடல்களையே அவருக்குப் பாடிக் காட்டினார். தம் பாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டதும் கத்றியின் மெட்டையே. மிச்சிகன் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் மடிந்த 1913ஆம் ஆண்டுத் துயரத்தைப் பாடக் கத்றி கையாண்ட மெட்டு அது.

இதே தட்டில் இன்னொரு கடனும் உண்டு. 'ஹவுஸ் ஒஃப் த றைசிங் சன்' என்ற பழம்பாடலுக்கு நண்பர் டேவ் வான் றொங்க் தனியொரு கிற்றார் அமைப்பு வைத்திருந்தார். அதைத் தாமே பதிவுசெய்ய எண்ணியுமிருந்தார். டிலன் அவரிடம் கேளாமலே பாடிப் பதிவுசெய்துவிட்டார். தட்டின் உறைக்குறிப்பு வான் றொங்கின் பெயரைச் சொல்கிறதுதான். ஆனால், அவர் அப்பாடலை மேடையில் பாடியபோது, டிலனிடமிருந்து எடுத்ததா என்று கேட்டார்கள். அவர் அதைப் பாடுவதையே விட்டுவிட்டார்.

இரண்டும் கடன்தான். ஆனால் ஒன்றல்ல. ஒன்று, பாடி ஓய்ந்தவரிடம் பெற்று, அவருக்கே நன்றியாகத் திருப்பித் தந்தது. மற்றையது, பாடக் காத்திருந்தவரின் வாயிலிருந்து எடுத்தது. நாட்டார் பாடல் எல்லோருக்கும் பொதுவென்ற நியாயம் முதலாவதற்குப் பொருந்துகிறது. இரண்டாவதற்கு முழுதாகப் பொருந்தவில்லை.

1963இல் வந்த இரண்டாவது தட்டில் பெரும்பாலானவை டிலனின் சொந்தப் பாடல்கள். இருந்தும், 2017இல் நோபல் உரை நிகழ்த்தியபோது, பழைய நாட்டார் பாடல்களைப் பாடிப் பாடியே அந்த மொழியைத் தாம் கற்றதாக அவர் கூறினார். அந்தப் பள்ளிப்பருவத்தின் கொப்பிதான் இந்த முதலாவது தட்டு. அதிலுள்ள கறையையும் சேர்த்தே நாம் அதைக் கேட்கவேண்டும்.